ஆளுக்கொரு பாட்டுக் கேட்கும் வீட்டு விழாவில் டிஜே என்ன செய்யலாம்?

கிளிநொச்சி மாவட்டத்தின் தருமபுரத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "வாடகைக்கு எடுத்த இரண்டு ஸ்பீக்கரையும் என்னுடைய லப்டொப்பையும் வைத்துக்கொண்டு அயலில் சாமத்திய வீடு, பிறந்தநாள், குடிபூரல் போன்றவற்றுக்குப் பாட்டுப் போட்டு வருகிறேன். போன நிகழ்வில் ஆளுக்கொரு பாட்டுக் கேட்டார்கள். ஒருவரையும் மனம் நோகச் செய்யக்கூடாது என்று கேட்டதையெல்லாம் போட்டேன். கடைசியில் ஆட ஆளில்லை. ஒரு மாமா கோபித்துக்கொண்டும் போனார். இதை எப்படிச் சமாளிப்பது?"

கேட்டதையெல்லாம் கேட்ட வரிசையிலேயே போட்டதுதான் ஆடுகளம் வெறுமையானதற்குக் காரணம். ஐந்து பேர் ஐந்து விதமான பாட்டைக் கேட்கும்போது, ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்டவரும் அவருடைய கூட்டாளிகளும் மாத்திரம் எழும்புவார்கள். மற்றவர்கள் கதிரைக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருமுறை இருந்துவிட்டவரை மறுபடியும் எழுப்புவது இலகுவான வேலையன்று. ஆகவே ஒருவர் வந்து பாட்டுக் கேட்டால், அதை இந்தக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குக் கிடைத்த ஒரு தகவலாக முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டு என்பதை அவர் சொல்லட்டும். எப்போது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

இதில் நம்முடைய ஊர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கொழும்பு விடுதி ஒன்றில் வாசிக்கும் டிஜே, பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒழுங்கைக்குள் நடக்கும் விழாவில் உங்களிடம் பாட்டுக் கேட்பவர் நாளைக்குச் சந்தையிலும் கோயிலிலும் உங்களைக் காணப்போகிறவர். அதனால் "இல்லை" என்ற சொல்லைத் தவிர்த்து, நேரத்தைச் சொல்லிப் பதில் கொடுங்கள். "ஓம் அண்ணை, இந்தச் சுற்று முடிய உங்கட பாட்டு வரும்" என்று சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், கேட்டவர் வீட்டுக்காரருக்கு என்ன முறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தாய்மாமன் கேட்ட பாட்டும், வழியால் வந்த ஒருவர் கேட்ட பாட்டும் அந்த வீட்டில் ஒரே நிறை உடையவை அல்ல. கோபித்துக்கொண்டு போன மாமாவுக்கும் பாட்டு உடனே வராதது பெரிய குறையாக இருந்திருக்காது. தான் கேட்டது கணக்கில் எடுக்கப்படவில்லை என்ற எண்ணமே அவரை நோகச் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது தாளம். நீங்கள் போடும் குத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை திஸ்ர நடையில், அதாவது ஓர் அடி மூன்றாகப் பிரியும் கணக்கில், நடப்பவை. பைலாவும் அதே நடைதான். இதனாலேயே சிங்கள விருந்தினர் ஒருவர் பைலா கேட்டால், அதைக் குத்துப் பாட்டுச் சுற்றின் நடுவில் வைத்தாலும் ஆடுபவர்களின் கால் தடுமாறாது. ஓர் அடி நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையிலுள்ள இன்றைய கிளப் பாணிப் பாட்டை அவற்றோடு மேலுக்கு மேல் கலந்தால் இரண்டு நடையும் ஒன்றோடொன்று மோதும். அப்படி நடை மாற வேண்டிய இடத்தில் கலக்க முயலாமல், பல்லவி முடியும் இடத்தில் வெட்டி அடுத்ததைத் தொடங்குங்கள். மென்பொருள் காட்டும் வேக எண்ணையும் திஸ்ர நடைப் பாட்டுகளில் அப்படியே நம்பவேண்டாம். அது பல வேளைகளில் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஒன்றரை மடங்காகவோ கணித்துவிடும். விரலால் தட்டி நீங்களே அளந்து திருத்திவையுங்கள். அறுபது, எழுபதுகளின் பாட்டுகளில் வாத்தியக்காரர்கள் ஒன்றாக இருந்து நேரடியாக வாசித்திருப்பதால் வேகம் இடையிடையே கூடிக் குறையும். அங்கே இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகவே பொருத்தும் சிங்க் பொத்தான் உதவாது. அந்தப் பாட்டுகள் ஒலி அளவிலும் தாழ்ந்திருக்கும் என்பதால், ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்டு, கெயின் திருகியால் மட்டத்தைச் சரிசெய்த பிறகே வெளியே விடுங்கள்.

இப்படிப் பார்த்தால், வந்த பாட்டுகளை நீங்கள் சுற்றுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். நான்கைந்து பாட்டு ஒரு சுற்று. அதற்குள் ஒன்றோ இரண்டோ கேட்கப்பட்டவை, மீதி அதே நடையில் நீங்கள் தெரிவுசெய்தவை. சிறு பிள்ளைகள் கேட்பவற்றை முதல் மணித்தியாலத்திலேயே போட்டுவிடுங்கள். நித்திரை வந்துவிட்டால் அவர்களுக்கு அது பயன்படாது. பெரியவர்களின் பழைய பாட்டுகளுக்குச் சாப்பாட்டு நேரம்தான் ஏற்ற நேரம், ஏனென்றால் அப்போது ஒருவரும் ஆடப்போவதில்லை, சொற்களும் காதில் விழும். பந்தி முடிந்த பிறகு இளையவர்களுடைய நேரம். கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ விடுமுறையில் வந்த பிள்ளைகள் கேட்கும் பாட்டு இங்குள்ளவர்களுக்குத் தெரியாததாக இருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வையுங்கள்.

கேட்பவர் நீட்டும் போனில் வயரைக் குத்திவிடாதீர்கள். இடையில் அழைப்பு வந்தால் மணியோசை இரண்டு ஸ்பீக்கரிலும் அலறும். யூடியூப் என்றால் விளம்பரமும் வரும். உட்புறக் கிராமங்களில் சிக்னலையும் நம்பமுடியாது. பாட்டுகள் எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கவேண்டும். அவற்றுக்குப் பெயரிடும்போது படத்தின் பெயரோடு நிற்காமல், பாட்டின் முதல் வரியையும் நடிகரின் பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள். நம்மவர்கள் படத்தின் பெயர் சொல்லிக் கேட்பது குறைவு. "அந்த மழைக்குள்ள ஆடுற பாட்டு" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அரை நிமிடத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடிந்துவிடும்.

விழாவுக்கு முன்னரே வீட்டுக்காரரோடு இருந்து பேசவேண்டியவை சில உண்டு. கட்டாயம் வேண்டிய பாட்டுகள் எவை, வேண்டாதவை எவை, எத்தனை மணிக்கு முடிப்பது, குடித்துவிட்டு ஒருவர் மேசையடியில் நின்று வாதாடினால் யாரைக் கூப்பிடுவது. கடைசிக் கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே மச்சான் முறையான ஒருவரை நியமித்துவிட்டால், நீங்கள் ஒருவரோடும் வாய் கொடுக்கத் தேவையில்லை. சாமத்திய வீட்டில் பெண்பிள்ளையின் முன்னால் கொச்சையான வரிகளுள்ள பாட்டை எவர் கேட்டாலும் போடவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வன்னியில் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். போர்க்காலப் பாடல்களை ஒருவர் கேட்கக்கூடும். அது பொலிஸ் விசாரணை வரையில் போகக்கூடிய விடயம்; அத்தோடு பிள்ளையை இழந்த தாய் ஒருவர் அதே பந்தலில் இருப்பார். அந்த முடிவை நீங்களும் எடுக்கக்கூடாது, கேட்டவரும் எடுக்கக்கூடாது. முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்திருங்கள். மே மாதத்தில், விசேடமாக முள்ளிவாய்க்கால் நினைவு நாளான 18ஆம் திகதியை அண்டிய நாட்களில், ஆட்டப் பாட்டு நிகழ்வுகளை ஒப்புக்கொள்ளாமல் விடுவது நல்லது. அயலில் செத்தவீடு நடந்து, 31ஆம் நாள் அந்தியேட்டி இன்னும் முடியவில்லை என்றால், அந்த வீட்டாரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியை இறக்கவேண்டும்.

விழாவில் அதிகமாகக் கேட்கப்படுவது பாட்டன்று. "சத்தத்தைக் கூட்டு" என்பதே. இதற்கு இணங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். 85 டெசிபெல் ஒலியைக் காது எட்டு மணித்தியாலம் தாங்கும் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் அது 15 நிமிடம்தான். ஸ்பீக்கருக்கு முன்னால் குந்தியிருப்பவர்கள் எப்போதும் சிறுபிள்ளைகள். மறுபக்கம், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறைவதால், பின்வரிசையில் நிற்பவர் கேட்கவில்லை என்பதும் நியாயமே. இரண்டுக்கும் ஒரே வழி, ஸ்பீக்கரை நிலத்தில் வைக்காமல் தாங்கியில் தலைக்கு மேலே உயர்த்தி, ஆடுகளத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைப்பது. மிக்சரில் சிவப்பு விளக்கு எரிய எரியக் கூட்டினால் சத்தம் கூடாது, பாட்டு கிழியும். வாடகைப் பெட்டிக்குள் கீச்சொலியைத் தரும் சிறு ஸ்பீக்கரான டுவீட்டரும் எரிந்துபோகலாம்.

இரவில் நிலம் குளிர்ந்து மேலேயுள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒலி கீழ்நோக்கி வளைந்து வயல்வெளிக்கும் குளத்துக்கும் மேலால் வெகுதூரம் போகும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இரண்டு வயல் தள்ளி இருந்தாலும் உங்கள் பேஸ் அவருக்குக் கேட்கும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்கவேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதி வழங்கப்படலாகாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே ஒன்பது மணிக்கு மைக்கில், "இன்னும் அரை மணித்தியாலத்துக்குத்தான் பாட்டு எழுதுவம், வேணுமெண்டவை இப்ப வந்து சொல்லுங்கோ" என்று அறிவித்துவிடுங்கள். ஒன்பதரைக்குக் கொப்பியை மூடி, எழுதியவற்றில் எஞ்சியதை ஒரே சுற்றாகப் போட்டு, வீட்டுக்காரர் கேட்ட பாட்டைக் கடைசியாக வைத்துப் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க நிறுத்துங்கள்.