ஷமோனியிலிருந்து ஸெர்மாட் வரை குடில் குடிலாக, வழிகாட்டி இல்லாமல் நடக்க முடியுமா?

4,000 மீட்டருக்கு மேலே ஏறி இறங்கிய அனுபவம் இருக்கிறது, ஆல்ப்ஸில் பிரான்ஸின் ஷமோனியிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை போகும் 'ஓத் ரூத்' பாதையை, மலை விடுதிகளான குடில்களில் தங்கி, தனியாக நடக்கலாமா, உயரத்தில் மூச்சு வாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கலாம். மூச்சைப் பற்றி கவலையே வேண்டாம், முழங்காலைப் பற்றி கவலைப்படுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தப் பெயரில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. 1860களில் ஆங்கிலேய மலையேறிகள் உருவாக்கிய பழைய பாதை பனியாறுகளின் மேலேயே போகும். இப்போது அதைப் பெரும்பாலும் வசந்த காலத்தில் பனிச்சறுக்கில்தான் கடக்கிறார்கள். கயிறு, க்ராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டம்), பனிப்பிளவில் விழுந்தவரைத் தூக்கத் தெரிந்த ஆள் எல்லாம் அதற்குத் தேவை. நடப்பவர்களின் பாதை வேறு. பனியாறுகளைப் பார்த்துக்கொண்டே, அவற்றின் மேல் கால் வைக்காமல், கணவாய் கணவாயாகத் தாண்டிப் போகும். எந்த மாற்றுவழிகளை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், பத்து முதல் பதினான்கு நாட்கள். இணையத்தில் படித்துவிட்டு க்ராம்பான் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதையைப் பற்றிப் படித்தவர்கள்.

நடைபாதையின் மிக உயர்ந்த இடமான ப்ராஃப்லூரி கணவாயே 3,000 மீட்டரைத் தொடாது. ஆனால் மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் 12,000 மீட்டரைத் தாண்டும், இறக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நேற்று ஏறிய உயரம் இன்றைக்கு உதவாது, பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிவிட்டு மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். ஆக்ஸ்ட்போர்ட் கணவாய் 2,893 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து செயின்ட் நிக்லவுஸ் ஊர்வரை நடந்தால் ஒரே மூச்சில் சுமார் 1,770 மீட்டர் இறக்கம். வழியில் யூங்கன் என்ற குட்டிக் கிராமத்திலிருந்து சின்ன கேபிள் கார் ஒன்று உண்டு, பாதி இறக்கத்தை மிச்சப்படுத்தித் தரும். நான் அதில்தான் இறங்கினேன், எந்த உறுத்தலும் இல்லை. ட்ரெக்கிங் கம்பு இரண்டும் கட்டாயம். 'எனக்கு வேண்டாம், பழக்கமில்லை' என்கிறவர்கள் நாலாவது நாள் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குவார்கள்.

அனுபவசாலிகளுக்கான பாதை என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை ஒரே நாளில் காட்டுவது மோன் ஃபோர் குடிலிலிருந்து ப்ராஃப்லூரி குடில் வரையான பகுதி. அன்றைக்கு மட்டும் டெர்மான், லூவி, ப்ராஃப்லூரி என்று மூன்று கணவாய்கள். முதல் பாதி செங்குத்தான சரிவில் வெட்டிய ஒற்றையடிப் பாதை. சில இடங்களில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி இருக்கும். காலையில் போனால் ஐபெக்ஸ் ஆடுகள் உங்களைச் சட்டை செய்யாமல் பாதையிலேயே நிற்கும். லூவியைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். பனியாறு பின்வாங்கிப்போன இடம், எங்கு பார்த்தாலும் பாறையும் சரளையும். மண்ணில் பாதை என்று ஒன்று பதிந்திருக்காது. பாறைகளில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை பெயின்ட் கோடு, ஆங்காங்கே அடுக்கிவைத்த கற்குவியல், அவ்வளவுதான்.

நான் போனபோது லூவியிலேயே மேகம் இறங்கிவிட்டது. அதிலிருந்து ஒரே விதிதான்: அடுத்த குறி கண்ணில் படும்வரை நிற்கிற குறியை விட்டு நகரக் கூடாது. பெயின்ட் கோட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன், மேகம் கொஞ்சம் விலகும், முப்பதடி தள்ளி இன்னொரு கோடு தெரியும், அதுவரை போவேன். மறுபடி நிற்பேன். போனில் ஜிபிஎஸ் இருந்தது, ஆனால் ஈரக் கையுறையோடு திரையைத் தேய்த்துக்கொண்டே பாறை மேல் நடப்பதுதான் அங்கே ஆபத்து. குடிலை அடைந்தபோது பலகையில் போட்ட நேரத்தைவிட ரொம்பவே கூடுதலாகியிருந்தது. ஸ்விஸ் மஞ்சள் பலகைகளில் தூரம் இருக்காது, மணிக்கணக்குதான் இருக்கும், அதுவும் ஓய்வு நேரம் சேர்க்காமல். பை கனமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட நாளைப் பதற்றமில்லாமல் கடக்க முடியுமென்றால் உங்களுக்கு அனுபவம் போதும். இதற்கும் நீங்கள் தொட்ட உச்சபட்ச உயரத்துக்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் டிக்ஸ் ஏரிக் கரையோரம் சமதளத்தில் நிம்மதியாக நடக்கலாம். அந்த ஏரியைத் தேக்கி நிற்கிற கிராண்ட் டிக்ஸான்ஸ் 285 மீட்டர் உயரம், தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கும் புவியீர்ப்பு அணைகளில் உலகிலேயே உயரமானது. பிறகு அரோலா என்ற பள்ளத்தாக்கு ஊருக்கு இறங்க இரண்டு வாசல்கள். பா த ஷெவ்ர் என்ற இடத்தில் பாறைச்சுவரில் இரும்பு ஏணிகள் பொருத்தியிருக்கிறார்கள். ஏணி உறுதியானதுதான், ஆனால் பையோடு ஏறும்போது கீழே பார்த்தால் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பக்கத்திலேயே ரீட்மாட்டன் கணவாய், ஏணி கிடையாது, பதிலாகச் செங்குத்தான சரளைச் சந்து. எனக்கு ஏணியே மேல். மழை நாளில் சரளை காலடியில் உருளும், மேலே போகிறவர் உதைக்கிற கல் கீழே வருகிறவர் தலைக்கு வரும்.

குடில்கள் பற்றி. ஆறுமணி வாக்கில் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ராத்திரிச் சாப்பாடு ஆறரை ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், அதுவும் ஒதுக்கிய மேசையில். அதோடு கோடையில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். சீக்கிரம் கிளம்பி மூன்று மணிக்குள் சேருவதுதான் அங்கே வழக்கம். பூட்ஸை வாசல் அறையிலேயே கழற்றிவிட்டு அங்கிருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். படுக்கை என்பது வரிசையாகப் போட்ட மெத்தைகள், கம்பளி அவர்கள் தருவார்கள், ஸ்லீப்பிங் பேக் தூக்க வேண்டாம், உள்ளே போடும் மெல்லிய துணி உறை மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். காதடைப்பான் மறந்தால் குறட்டைக் கச்சேரி இலவசம். உயரமான குடில்களில் குழாய்த் தண்ணீர் பல இடங்களில் குடிக்க உகந்ததல்ல, பாட்டில் வாங்க வேண்டியிருக்கும். சரக்கெல்லாம் ஹெலிகாப்டரில் வருவதால் விலையும் மலையளவு. ரொக்கமாக ஃபிராங்க் வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் சமையலறையில் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் எனக்குப் பிடித்தது முவாரி குடில். சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே பனியாறு உடைந்து இறங்குவது முழுசாகத் தெரியும். சூப் ஆறிப்போனது கூடத் தெரியாது.

முன்பதிவில்தான் ஒரு பொறி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் இடம் கிடைக்காது என்பதால் மாதங்களுக்கு முன்னாலேயே எல்லாக் குடிலையும் வரிசையாகப் பதிவு செய்துவிடுவோம். அப்புறம் வானிலை மோசமானாலும் 'நாளைக்குப் படுக்கை அங்கேதானே' என்று கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். இந்தப் பாதையின் பெரிய வசதியே, அரோலா, ஸினால் போன்ற பள்ளத்தாக்கு ஊர்களுக்கு ஸ்விஸ் அஞ்சல் துறையின் மஞ்சள் போஸ்ட் பஸ் வருவதுதான். ஒரு பகுதியை விட்டுவிட்டு பஸ்ஸில் சுற்றிப்போய் அடுத்த குடிலைப் பிடிக்கலாம். வரவில்லை என்றால் குடிலுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தேட ஆரம்பிக்கலாம். குடில் பொறுப்பாளர் ராத்திரி மேசைக்கு வந்து 'நாளைக்கு எங்கே?' என்று கேட்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. அவர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

கடைசிப் பகுதியான, ஒய்ரோபாவெக் என்ற மலைச்சரிவுப் பாதையை ஸெர்மாட் வரை அப்படியே நடக்க முடியும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். கல் விழுவதால் பாதையின் துண்டுகள் அடிக்கடி மூடப்படும். 2010இல் கட்டிய தொங்குபாலத்தைப் பாறைகளே சேதப்படுத்தி மூட வைத்துவிட்டன, 2017இல்தான் இப்போதைய 494 மீட்டர் பாலம் வந்தது. அகலம் வெறும் 65 சென்டிமீட்டர், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். கிளம்பும் நாளில் நிலவரம் கேளுங்கள், மூடியிருந்தால் பள்ளத்தாக்கு வழியாக நடந்துவிடலாம்.

காலம்: ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம். அதற்கு முன்னால் போனால் கணவாய்களின் நிழல் பக்கத்தில் இறுகிய பனி இருக்கும். மீட்புச் செலவைத் தாங்கும் காப்பீடு எடுங்கள். பாதையின் ஸ்விஸ் பகுதி இருக்கும் வாலே மாநிலத்தில் அவசர எண் 144. போன் எடுக்காத இடத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ டார்ச்சோ, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு. அதுதான் ஆல்ப்ஸ் முழுக்கப் புரியும் சமிக்ஞை.

வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன். வரைபடம் படிக்கத் தெரிந்து, இரண்டு நாள் தொடர்ந்து 1,200 மீட்டர் ஏறி இறங்கியும் மூன்றாம் நாள் கிளம்பும் உடம்பு இருந்தால் தேவையில்லை. தனியாக நடக்கத்தான் பயம் என்றால் மோன் ஃபோர் வரை தனியாகவே போங்கள். அங்கே மறுநாள் அதே வழியில் கிளம்புகிற நாலு பேராவது மேசையில் இருப்பார்கள், சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.