நாட்டுக்கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு விட்டு, கொர்கொர் சத்தத்துடன் செத்துப்போகின்றன. என்ன மருந்து கொடுக்கலாம்?

பச்சையும் வெள்ளையுமாகக் கழிகின்றன, சிறகு தொங்குகிறது, ஒன்றிரண்டுக்குக் கழுத்து திருகிக்கொண்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சலைத்தான். ராணிக்கெட் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். இது வைரஸ் நோய். வந்த கோழியைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. மருந்துக்கடையில் கொடுக்கும் ஆண்டிபயாடிக் பொடி வைரஸை ஒன்றும் செய்யாது. நோயில் நலிந்த கோழியின் மூச்சுக்குழாயில் பின்னால் வந்து சேரும் பாக்டீரியாவை அது கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். அது தேவையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். எங்கள் வீட்டிலும் கொடுப்போம். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

கொர்கொர் சத்தம் கேட்டாலே வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். முகம் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, கெட்ட நாற்றம் அடித்தால் அது கொரைசா எனும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து வேலை செய்யும். தொண்டைக்குள் மஞ்சளாகப் படலம் படிந்து மூச்சடைத்தால் கோழி அம்மையின் தொண்டை வகையைச் சந்தேகிக்கலாம். கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்கி, இருமும்போது ரத்தம் கலந்த சளி தெறித்தால் குரல்வளை அழற்சி நோய். இது ஹெர்பிஸ் வகை வைரஸால் வருவது. பிராங்கைட்டிஸ் எனும் மூச்சுக்குழாய் அழற்சி கோழிகளுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸால் வருவது. ஓரிரு நாளில் கூட்டம் முழுக்கத் தும்ம ஆரம்பித்துவிடும். பெரிய கோழிகள் அதிகம் சாகாது, ஆனால் முட்டை குறையும். வரும் முட்டையும் ஓடு சுருங்கி, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். ஆகவே செத்த கோழி ஒன்றை உடனே பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி, ஐஸ் வைத்து, பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் பெரும்பாலும் இரைப்பையின் உள்பக்கத்தில் புள்ளிபுள்ளியாக ரத்தக்கசிவு தெரியும்.

ஒன்றில் மட்டும் அவசரம் காட்ட வேண்டும். முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லாமல் கோழிகள் கொத்தாகச் செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து, காலில் ரத்தக்கட்டு தெரிந்தால் கையால் தொடாதீர்கள், எங்கும் எடுத்துப் போகாதீர்கள். மருத்துவருக்குத் தகவல் சொல்லி அங்கேயே வரச் சொல்லுங்கள். பறவைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வுக்கூடத்துக்குப் போகும். 2006ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்தியாவில் முதன்முதலாக அது உறுதியானபோது சுற்றுவட்டாரக் கோழிகள் எல்லாம் அழிக்கப்பட்டன. மனிதர்களையும் தாக்கக்கூடியது என்பதால் சும்மா பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம்.

இனி வெள்ளைக்கழிச்சலுக்கு வருவோம். 1926ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஆண்டே குமாவூன் மலையிலுள்ள ராணிகேத்திலும் இதைக் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய நூறு வருடம் ஆகியும் தமிழ்நாட்டில் கோடைக்கு முன்னும் பின்னும் கிராமத்துக் கொல்லைகள் இன்னும் காலியாகின்றன. நல்ல தடுப்பூசி கிடைத்தும் ஏன் இப்படி என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: நாம் வீட்டுக்கு வீடு யோசிக்கிறோம், கோழிகள் தெரு முழுக்க ஒரே கூட்டமாகத் திரிகின்றன. என் வீட்டுச் சேவல் மூன்று வீடு தள்ளிக் குப்பைமேட்டைக் கிளறிவிட்டுத்தான் பொழுது சாய வரும். தடுப்பூசி போட்ட கோழி சாகாமல் தப்பிக்கும், ஆனால் வைரஸ் அதற்குள்ளும் புகுந்து எச்சத்திலும் மூச்சுக்காற்றிலும் வெளியே வரலாம். போடாத வீட்டுக் கோழிதான் மாட்டிக்கொள்ளும்.

தடுப்பூசிக் குப்பி வருவதும் ஒரு கூட்டத்துக்கென்றுதான். பொதுவாக நூறு கோழிக்கான அளவு, அல்லது அதற்கு மேல், ஒரே குப்பியில் இருக்கும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பியை உடைப்பது வீண் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தெருவில் எல்லோரும் சேர்ந்தால் ஒரே குப்பி போதும். முதல் நாள் மாலையே ஒவ்வொரு வீட்டிலும் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட வேண்டும். விடிந்ததும் திறந்துவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தமிழ்நாடு கால்நடைத் துறை ஒவ்வொரு பிப்ரவரியிலும் இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. ஊருக்கு எந்த நாள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருந்தால் தடுப்பூசி நன்றாகப் பிடிக்கும்.

குஞ்சுக்கு ஏழாம் நாளில் எப்1 அல்லது லசோட்டா எனும் சொட்டு மருந்துத் தடுப்பூசி, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரம் லசோட்டா மறுபடியும். எட்டாவது வாரத்தில் ஆர்டிவிகே அல்லது ஆர்2பி எனும் ஊசி, இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. இது கொஞ்சம் வீரியமான வைரஸ் என்பதால் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயைக் கொடுத்துவிடும். நம் ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இந்தக் கோழித் தடுப்பூசிகளும் தயாராகின்றன.

சொட்டு விடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. இடது கையில் குஞ்சைப் படுக்கவைத்து, கட்டை விரலால் இமையை மெல்லப் பிரித்து, துளி கண்ணில் விழுந்ததும் விட்டுவிடக் கூடாது. குஞ்சு ஒருமுறை கண்ணைச் சிமிட்டி, துளி உள்ளே இறங்கிய பிறகே கீழே விட வேண்டும். அவசரத்தில் விட்டால் தலையை உதறும், துளி தரையில் தெறிக்கும், நமக்குத் தெரியாமலே அந்தக் குஞ்சு தடுப்பூசி போடாத குஞ்சாகிவிடும். நம் கண்ணில் தெறித்தால் சிவந்து எரியும், சில நாளில் அடங்கும். கண்ணைத் தொடாமல் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

மருந்து கெட்டுப்போவது பெரும்பாலும் வழியில்தான். இது உயிருள்ள வைரஸ். 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். மருத்துவமனையிலிருந்து ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வாங்கி வாருங்கள். பாக்கெட்டில் போட்டு வெயிலில் பைக் ஓட்டி வந்தால், கரைத்துப் போடுவது வெறும் தண்ணீர்தான்.

இப்போது உங்கள் வீட்டில் நோய் நடந்துகொண்டிருக்கிறது. நோயில் இருக்கும் கோழிக்கு இந்த நேரத்தில் தடுப்பூசி வேண்டாம். தெருவில் மற்ற வீடுகளில் இன்னும் வரவில்லை என்றால் அங்கே உடனே போடலாம், ஆனால் ஊசி போடுபவர் நோயில்லாத வீடுகளில் தொடங்க வேண்டும், உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு அங்கே போகக் கூடாது. மீதமிருப்பவற்றைக் காசாக்கிவிடலாம் என்று சந்தைக்கோ இறைச்சிக்கடைக்கோ அனுப்பாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன்: ஊருக்கு ஊர் நோய் பயணப்படுவது சந்தைக்கூடையில்தான். செத்ததை வேலிக்கு வெளியே வீசினால் நாயும் காக்கையும் இழுத்துப்போய் அடுத்த கொல்லையில் போட்டுவிடும். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். செருப்பு, தீவனத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும்.

தரையில் போட்ட கடலைத்தோல், தேங்காய் நார்க்கழிவை அள்ளி எரித்துவிட்டு, கொட்டகைக்கு வெள்ளையடித்து, கொஞ்ச காலம் காலியாக விடுங்கள். குனிந்து முகர்ந்து பார்க்கும்போது கண் எரிகிறதா என்று கவனியுங்கள். எரிந்தால் அமோனியா அதிகம், கோழியின் மூச்சுக்குழாய் அதில் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும். காற்றோட்டம் சரிசெய்யாமல் புதுக் குஞ்சு விடாதீர்கள். வாங்கி வரும் கோழிகளை மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். தினமும் இரவு அடங்கிய பிறகு விளக்கில்லாமல் பக்கத்தில் நின்று கேளுங்கள். பகல் இரைச்சலில் கேட்காத மூச்சுச் சத்தம் அப்போது தெளிவாகக் கேட்கும், ஒன்றிரண்டு கோழியில் இருக்கும்போதே பிரித்துவிடலாம்.