இடைவெளிக்குப் பின் போக்கர்: புத்தகம் பிடித்துப் படிப்போருக்குச் சில பதில்கள்

திருகோணமலையில் எங்கள் கடதாசி (சீட்டு) ஆட்ட வட்டத்துக்கு, பல ஆண்டுகள் விட்டிருந்த போக்கரை மீண்டும் தொட்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. நாங்கள் பணம் வைத்து ஆடுவதில்லை. பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லு எங்களுக்குப் புளியங்கொட்டைதான்.

கேள்வி (உப்புவெளி): பதினைந்து வருடங்களுக்கு முன் வாங்கிய புத்தகங்கள் இன்றும் உதவுமா?

பதில்: பாதி உதவும். அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர்களான டொயில் பிரன்சனின் 1979ஆம் ஆண்டுத் தொகுப்பிலும், 2004 முதல் வெளிவந்த டான் ஹாரிங்டனின் போட்டி நூல்களிலும் உள்ள பொறுமையும், கடைசியாக முடிவெடுக்கும் இருக்கையின் மதிப்பும் பழுதாகவில்லை. ஆனால் அன்று நாம் எதிரியிடம் இருக்கும் ஒரே கையை, அதாவது அவர் மறைத்து வைத்திருக்கும் இரண்டு கடதாசிகளை, ஊகிக்க முயன்றோம். இன்றைய நூல்களோ, அவர் அதுவரை ஆடிய விதத்துக்குப் பொருந்தும் எல்லாக் கைகளையும் ஒரு தொகுதியாக எடுத்து, அந்தத் தொகுதி முழுவதற்கும் எதிராக நம் கை எப்படி நிற்கிறது என்று கேட்கின்றன.

கேள்வி (கிண்ணியா): சிறுவயதிலிருந்து முந்நூற்றிநாலு என்ற கடதாசி ஆட்டம் ஆடி வருகிறேன். அந்தப் பழக்கம் கைகொடுக்குமா, கெடுக்குமா?

பதில்: இரண்டும் செய்யும். 32 கடதாசிகளில் விழுந்தவை எவை, துரும்பு யாரிடம் மிச்சம் என்று மனத்தில் எண்ணிவைக்கும் உங்கள் பழக்கம் பெரிய சொத்து. எனினும் போக்கரில் கூட்டாளி இல்லை. மடித்த, அதாவது பாதியில் விட்டு விலகிய, கைகளையும் யாரும் காட்டுவதில்லை. ஆகவே விழுந்ததை எண்ணுவதற்குப் பதிலாக, இருக்கக்கூடியதை எண்ண வேண்டும். ஆசும் ராசாவும் சேர்ந்த கை (நாலு ஆசு, நாலு ராசா) 16 விதமாக அமையும். ராணி இரட்டை 6 விதமாக மட்டுமே அமையும். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் கடதாசிகளில் ஓர் ஆசு வந்துவிட்டால், அந்த 16 உடனே 12 ஆகிவிடும். எதிரி இந்த இரண்டில் ஒன்றை வைத்திருக்கிறார் என்று தெரிந்தாலும், எது கூடுதல் சாத்தியம் என்பதை முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

கேள்வி (மூதூர்): ஒரே பூவில் (ஒரே இனத்தில்) நான்கு கடதாசி சேர்ந்து, ஐந்தாவதற்குக் காத்திருக்கும்போது 35 சதவீத வாய்ப்பு என்று படித்தேன். அதை நம்பித் தொடர்ந்து தோற்கிறேன்.

பதில்: உங்களைப்போல் நானும் தோற்றிருக்கிறேன், ஐயா. முதல் மூன்று பொதுக் கடதாசிகள் விரிந்த பிறகு, மேலும் இரண்டையும் பார்த்தே தீருவோம் என்றால்தான் அந்த 35. ஒன்று மட்டுமே பாக்கி என்றால், உங்கள் கையில் இரண்டும் மேசையில் நான்கும் போக, காணாத 46இல் உங்களுக்கு உதவுபவை அந்தப் பூவில் மிச்சமான 9. அதாவது ஏறக்குறைய 20 சதவீதம். இப்போது நடுவில் 300 கொட்டை கிடக்க, எதிரி 150 வைக்கிறார் எனக் கொள்வோம். நீங்கள் 150 போட்டால் மொத்தம் 600. போட்டது அதில் 25 சதவீதம். இருபது வாய்ப்புக்கு இருபத்தைந்து கொடுப்பது நட்டம்; பூ சேர்ந்த பிறகு எதிரி இன்னும் நிறையக் கொடுப்பார் என்ற நிச்சயம் இருந்தாலொழிய மடித்துவிடுங்கள். இந்த ஒரு பக்கத்தைக் கை பழகும்வரை அடுத்த அத்தியாயத்துக்குப் போகவேண்டாம்.

கேள்வி (நிலாவெளி): கணினியில் விடை காணும் மென்பொருள் வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அது என்ன செய்யவேண்டும் என்று காட்டும்; ஏன் என்று உங்களுக்கு விளங்கப் புத்தகம்தான் வேண்டும்.

கேள்வி (தம்பலகாமம்): வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. மேசையில் இருந்ததும் மறந்துபோகிறது. என்ன செய்வது?

பதில்: சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு வாசித்தால் அப்படித்தான். நூலில் வரும் கையை நிசமான கடதாசியால் மேசையில் பரப்பி, அடுத்த பத்தியைத் தாளால் மூடி, உங்கள் முடிவைக் கொப்பியில் எழுதிய பின்பே ஆசிரியரின் முடிவைத் திறவுங்கள். மாறுபட்ட இடங்களை மட்டும் அடுத்த வாரம் மீண்டும் பாருங்கள். இன்னொன்று: கொட்டைக்கு மதிப்பே இல்லாவிட்டால் யாரும் மடிக்கமாட்டார்கள், வெறுங்கையோடு மிரட்டும் அத்தியாயம் முழுதும் வீணாகிவிடும். எங்கள் வட்டத்தில் ஆட்டத்தில் கடைசி இடம் பெறுபவரே அடுத்த முறை எல்லோருக்கும் தேநீரும் உளுந்து வடையும் கொண்டுவர வேண்டும் என்று வைத்த பிறகுதான் ஆட்டம் ஆட்டமாயிற்று.