ஆசிரியர் பதில்: சென்சார் மாட்டினால் போதுமா?

கேள்வி: ஸ்மார்ட் சிட்டி என்றால் எல்லாத் தகவலும் ஒரே கட்டுப்பாட்டு அறைக்குள் போய்ச் சேருகிறது. அதற்குப் பதிலாக பிளாக்செயின் (ஒரே பதிவேட்டைச் சங்கிலி சங்கிலியாகப் பல கணினிகளில் வைத்திருக்கும் முறை), வீட்டுக்கு வீடு சென்சார், மக்களே நடத்தும் வைஃபை என்று மையமில்லாத நெட்வொர்க்குகள் வந்துவிட்டால் மக்கள் பங்கேற்பு தானாகவே வந்துவிடும் அல்லவா? (வாசகர், கோவை)

பதில்: மற்றதெல்லாம் சரி, அந்தத் 'தானாகவே'யைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஊர்க் காரியம் எதுவும் தானாக நடந்து நான் பார்த்ததில்லை. குப்பை வண்டிகூட, நாலு பேர் போய் நின்று கேட்ட தெருவுக்குத்தான் ஒழுங்காக வருகிறது.

நீங்கள் சொல்கிற மாதிரி நெட்வொர்க் உலகத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் குர்ப் என்று ஒரு சிற்றூர். அங்கே சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகளுக்கு பிராட்பேண்ட் கொடுக்க பெரிய தொலைபேசி நிறுவனத்துக்கு மனமில்லை. 2004-ல் ரமோன் ரோகா என்பவரும் அக்கம்பக்கத்தாரும் கூரைமேல் ஆன்டெனா வைத்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்று தாங்களே இணைப்பைக் கடத்தினார்கள். அதுதான் குயிஃபி.நெட். இன்று அதில் 35,000-க்கும் மேற்பட்ட நோடுகள், அதாவது இணைப்புப் புள்ளிகள், இருக்கின்றன; ஃபைபரும் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் உங்கள் நோடு வழியாகப் போகும் அடுத்தவர் தகவலை நீங்கள் மறிக்கவோ துருவவோ கூடாது. அதன்மேல் சேவை விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனங்கள், எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ அதற்கேற்பப் பராமரிப்புச் செலவில் பங்கு தரவேண்டும். இந்த விதிகளையெல்லாம் ஆட்கள் கூடிப் பேசி எழுதினார்கள். 2008-ல் அதற்கென்று ஓர் அறக்கட்டளையும் அமைத்தார்கள். எந்த ரூட்டரும் இதைச் செய்து கொடுக்கவில்லை.

சென்சார் கதையும் அப்படித்தான். பார்சிலோனாவின் கிராசியா பகுதியில் பிளாசா தெல் சோல் என்ற சதுக்கம். இரவெல்லாம் கூட்டம், சிரிப்பு, பாட்டு. சுற்றியுள்ள வீடுகளில் தூக்கமில்லை. புகார் சொல்லி அலுத்துப்போனவர்கள் 2017 வாக்கில் சிறிய, மலிவான சென்சார்களைத் தங்கள் பால்கனிகளில் மாட்டினார்கள். நள்ளிரவில் எவ்வளவு சத்தம் என்று பதிவானது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவை அது எங்கேயோ தாண்டியிருந்தது. இதோடு நின்றிருந்தால் அது வெறும் வரைபடம். அவர்கள் அந்த எண்களை வைத்துக்கொண்டு சதுக்கத்திலேயே கூட்டம் போட்டார்கள், நகராட்சியோடு உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம்தான் குப்பை அள்ளும் நேரம் மாறியது, ஆட்கள் உட்காரும் படிகளில் பூந்தொட்டிகள் வந்தன.

அதே நகரம் 2016-ல் டெசிடிம் என்ற திறந்த மூல மென்பொருளை, அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருளைத் தொடங்கியது. நகரின் நாலாண்டுத் திட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். 10,000-க்கும் மேல் வந்தன. எல்லாரும் அந்த மென்பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். கூடவே நடந்த 400-க்கும் மேற்பட்ட நேரடிக் கூட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரு யோசனையை நகராட்சி ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு. நம் ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்று செயலியில் புகார் போட்டால், 'புகார் முடிக்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வருகிறது, தெரு இருட்டாகவே இருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்குக் கடிதம் வராத வாரம் கிடையாது. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் மறுமுனையில் இல்லாதவரை அந்தப் புகாரை எந்த பிளாக்செயின் சங்கிலியில் ஏற்றி என்ன?

இப்போது உங்கள் கோவைக்கு வருகிறேன். 2016 ஜனவரியில் அறிவித்த முதல் 20 ஸ்மார்ட் சிட்டிகளில் சென்னையும் கோவையும் இருந்தன. திட்டத்தை நடத்தியது மாநகராட்சி மன்றம் அல்ல. மாநில அரசும் மாநகராட்சியும் பாதிப் பாதி பங்கு வைத்து, கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்த தனி நிறுவனம். அந்த வருடம் அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேல் கவுன்சிலர் கிடையாது, மேயர் கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் நடைபாதையும் விளக்கும் வந்த காலம் அதுதான். குளத்துக்குள் சாக்கடை வருவதை முதலில் நிறுத்துங்கள், கரையில் கான்கிரீட் போடுவதை அப்புறம் பார்க்கலாம் என்று உங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் சொன்னார்கள். அதைச் சபையில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

வார்டு கமிட்டி என்று ஆரம்பித்துவிட்டாரா என்று நீங்கள் அலுத்துக்கொண்டாலும் சரி, திரும்பவும் சொல்வேன். 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 1993-லேயே ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு கமிட்டிக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதிக்குமான ஏரியா சபைக்கும் விதிகள் 2022-ல்தான் வந்தன. அதிலும் ஏரியா சபைப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. நீங்கள் கேட்கும் மையமில்லாத நெட்வொர்க் இதுதான், ஐயா. தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சபை. அதற்குக் கொஞ்சம் பணம், கொஞ்சம் அதிகாரம், கேட்டால் பதில். அதைக் கட்டிவிட்டு உங்கள் சென்சாரைக் கொண்டுவாருங்கள், நானே என் வீட்டு மாடியில் மாட்டுகிறேன்.

இதை எழுதினால் உடனே, 'உத்தரமேரூரிலேயே நாம் எல்லாம் செய்துவிட்டோம்' என்று கடிதம் வரும். அவர்களோடு எனக்குப் பழைய வழக்கு. பராந்தகன் காலத்துக் குடவோலை எல்லாருக்குமான தேர்தல் அல்ல. அது ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், 35 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். உழுதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது: வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. அந்த ஒன்றை வார்டு கமிட்டி விதிகளில் சேர்க்கச் சொல்லி மனு போடுங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.