மெருகேற்றிய பழைய பி.எஸ்.ஏ. (பிரிட்டிஷ் கம்பெனி) பைக் விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா? பின்னால் விற்றால் போட்ட காசு வருமா?

போட்ட காசு வராது. நாகர்கோவிலில் ஒரு ஆள் 1,10,000 ரூபாய்க்கு வாங்கி, மேற்கொண்டு 1,70,000 செலவழித்து, 2019-ல் 2,50,000-க்கு விற்றார். அந்த ஆள் நான்தான். ‘உனக்கு விற்கத் தெரியவில்லை’ என்று கீழே எழுத நாலு பேர் வருவார்கள். வரட்டும்.

படத்தைப் பார்த்து மயங்கித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெயின்டும் குரோமியமும் பத்து நாள் வேலை. நீங்கள் குனிந்து பார்க்க வேண்டியது நட்டுகளை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் வேண்டும். கையில் கிடைத்த மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருந்தால் நட்டின் மூலையெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். வெளியே அப்படிச் செய்தவர் எஞ்சினுக்குள் என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேக்னெட்டோ, அதாவது பேட்டரி இல்லாமலே பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி. ஆறிய எஞ்சின் இரண்டு உதையில் கிளம்பிவிடும். விற்பவரும் அதைத்தான் காட்டுவார். அதற்குள் இருக்கும் கண்டென்சர் என்ற சின்ன மின்பாகம் பழுதாகியிருந்தால், சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, அந்தச் சூட்டோடு உதைத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. வாங்கிய மூன்றாம் நாள் ஆரல்வாய்மொழியில் டீ குடிக்க நிறுத்தினேன். அப்புறம் காற்று என்னைத் தள்ள, நான் ஏறக்குறைய 170 கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

என் வண்டி பி.எஸ்.ஏ. எம்20. 496 சிசி, 13 குதிரைத்திறன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேல் செய்த ரகம். பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் முதுகுக்கு ஒரே துணை.

வாங்க வந்தவன் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன், வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். கூடவே அவன் மாமா. கார்புரேட்டர் பொத்தானை விரலில் பெட்ரோல் ஈரம் படும்வரை அமுக்கி, ஹேண்டில்பாரில் இருக்கும் இக்னிஷன் லிவரால் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தி, எஞ்சின் அழுத்தத்தை விடும் வால்வு லிஃப்டரைப் பிடித்து, பதமாக உதைத்துக் காட்டினேன். ‘டொப்… டொப்… டொப்’ என்று கிளம்பியது. பையன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்று மூன்று தடவை சொல்லித்தான் கொடுத்தேன். கேட் பக்கம் வந்ததும் பழக்கதோஷத்தில் வலது காலை அமுக்கினான். வண்டி நேராகப் போய்த் தென்னை மூட்டில் முட்டி நின்றது. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் மாமா ஆர்.சி. புக்கை வைத்துக்கொண்டு நம்பர் பார்த்தார். எஞ்சினில் ஒன்று, ஃபிரேமில் வேறொன்று. “இது ஒட்டு வண்டியாக்கும் மக்களே! ரெண்டு வண்டிய உடைச்சு ஒண்ணாக்கி வச்சிருக்காரு” என்றார், எதிர்வீட்டுக்காரர்களும் கேட்கும்படி. பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் இரண்டிலும் ஒரே நம்பர் அடிக்கும் வழக்கமே பி.எஸ்.ஏ.வுக்குக் கிடையாது. இரண்டு நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி, இருந்தன. சொன்னேன். சிரித்தார். நான் ஏமாற்றுக்காரன் இல்லை என்று காட்ட 20,000 குறைத்தேன். குறைத்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது! (எல்லா வண்டிக்கும் இதைச் சொல்லவில்லை. ஐம்பதுகளின் ட்ரையம்ப் என்ற இன்னொரு பிரிட்டிஷ் பைக்கில் இரண்டு நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.)

காகிதம் சரியில்லாத வண்டி பக்கம் போகவே வேண்டாம். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். ஆனால் தினமும் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது.

விற்றதில் ஒரு நிம்மதி, கல்யாண போட்டோ எடுக்க இரவல் கேட்டு யாரும் வருவதில்லை. சொந்தக்காரர் ஒருவர் மகனுக்காக முட்டம் கடற்கரைக்குக் கொண்டுபோய், உப்புக்காற்றில் ஒரு பகல் முழுக்க நிறுத்தி, கழுவாமல் திருப்பித் தந்தார். ரிம்மெல்லாம் துரு. சரி, போகட்டும். அந்தக் கல்யாணத்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்காரவைத்தார்கள். அடைப்பிரதமன் பாயசம் தீர்ந்துபோயிற்று. வண்டி கொடுத்தவன் ஆயிற்றே, ஒரு கரண்டி எடுத்துவைக்கத் தோன்றவில்லை ஒருவருக்கும்.

மார்த்தாண்டம் பையன் போன மாதம் அதே வண்டியை விற்க விளம்பரம் போட்டிருந்தான். விலை 3,75,000. கீழே ஒரு வரி: ‘எஞ்சின் நம்பர் வேறு, ஃபிரேம் நம்பர் வேறு. அசல் பட்டாள வண்டி.’