காற்றாலைக்கான டவர் லைனுக்கு ஸ்டே வாங்க முடியுமா?

கேள்வி: ராதாபுரம் பக்கம் எங்கள் ஊரில் புதிதாகக் காற்றாலைகள் வரப்போகின்றன. அங்கிருந்து துணை மின் நிலையத்துக்குப் போகும் 110 கேவி லைன் என் தென்னந்தோப்பின் நடுவே வருகிறது. கேட்காமலே கல் நட்டுவிட்டார்கள். புரோக்கர் மரியாதையில்லாமல் பேசினார். பக்கத்துத் தோட்டக்காரருக்கு அதிகம் கொடுத்தார்களாம். ஸ்டே கிடைக்குமா?

பதில்: புரோக்கர் பேச்சும் பக்கத்துக்காரர் பணமும் வழக்குக்கு உதவாது. லைன் போடுபவருக்கு 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 164-இன்படி, தந்திச் சட்டத்தின் அதிகாரங்களைத் தரும் அரசின் ஆணை உண்டா? அதை முதலில் கேட்டு வாங்குங்கள். ஆணை இருந்தால் உங்கள் சம்மதமே தேவையில்லை என்று 2016-இல் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேக்கு அலைவது வீண். ஆணை இல்லையென்றால் சம்மதம் கேட்டாக வேண்டும். நீங்கள் மறுத்தால் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். அங்கேதான் உங்களுக்குப் பிடி.

வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் ஏமாறுவது வேறு இடத்தில். கடைக்கால் தோண்டும் அன்று பயிர் இழப்பீடு என்று காசோலை நீட்டுவார்கள். கூடவே அச்சடித்த ரசீது: தென்னை இத்தனை, தொகை இவ்வளவு. கடைசி வரியில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இருக்கும். மரத்துக்கான பணம்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மையான நஷ்டம் மரம் அல்ல. கம்பிக்குக் கீழே இனி தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. நிலத்தின் விலையே விழுந்துவிடும். அதற்காகத் தந்திச் சட்டம் 16(3)-இல் மாவட்ட நீதிபதியிடம் போனால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த ரசீதைத்தான். பணத்தை வாங்குங்கள், ஆனால் அந்த வரியை அடித்துவிட்டு, ‘ஆட்சேபத்துடன், பயிருக்கு மட்டும் பெற்றுக்கொண்டேன்’ என்று கைப்பட எழுதி, நகல் வாங்காமல் விடாதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஆணை இருந்தால் சமாதானமாகப் போங்கள். ஆனால் இப்போதே பேசுங்கள். லைன் இணையாமல் காற்றாலை ஓடினாலும் மின்சாரம் விற்க முடியாது; ஆனி, ஆடிக் காற்றுக்கு முன்னால் முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல், டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும் கம்பி போகும் வழித்தடத்துக்கு 30 சதவீதமும் சொல்கிறது. மாநில லைன்களுக்கு அது தானாகவே கட்டாயமாகிவிடாது. இருந்தாலும் பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள். பணத்தைவிட முக்கியம், டவரைத் தோப்பின் நடுவிலிருந்து வரப்போரம் தள்ளக் கேட்பது. கான்கிரீட் போட்ட பிறகு யாரும் அதை நகர்த்த மாட்டார்கள். ஆகவே இந்த வாரமே சர்வே எண், கல் நட்ட இடத்தின் புகைப்படம், மாற்றுப் பாதையின் வரைபடம் மூன்றையும் வைத்து நிறுவனத்துக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள்.