முட்டி முன்னால வலிக்கா, பின்னால வலிக்கா?

தினமும் மேலப்பாளையத்தில் இருந்து ஜங்ஷனுக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். வயது 46. இரண்டு மாதமாக முட்டிச் சில்லைச் சுற்றி வலி. சைக்கிளை விட்டுவிடவா?

விட வேண்டாம் அண்ணாச்சி, முதலில் சீட்டைப் பாருங்கள். முட்டிக்கு முன்னால் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்னால், மடிப்பில் இழுத்தால் சீட் உயரம். சிக்னலில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பது நம்ம ஊர்ப் பழக்கம். அப்புறம் கால் நீள இடம் ஏது? நன்றாக மடங்கிய முட்டிதான் மிதிக்கு மிதி பாரத்தை வாங்கும்.

வழக்கமாகப் போடும் செருப்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம் இல்லையா, அப்போது முட்டி 25 முதல் 35 டிகிரி வரை மடங்கி நிற்கும். ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். அரை சென்டிமீட்டர் ஏற்றி மூன்று நாள் ஓட்டுங்கள், பிறகு இன்னொரு அரை. சீட் பைப்பில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்தால் அவை ஃப்ரேமுக்கு உள்ளேயே இருக்கட்டும். வெளியே தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது. சிக்னலில் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். முட்டி வீங்கியிருந்தால் மட்டும் எனக்கு எழுதாமல் டாக்டரிடம் போங்கள்.

புது கியர் சைக்கிள். ஞாயிறுதோறும் பாளையங்கோட்டையில் இருந்து சேரன்மகாதேவி போய் வருகிறேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. கிளவுஸ் வாங்கலாமா?

இதே புகாரோடு என் கடைக்கு ஒரு பையன் வந்தான், கையில் இரண்டு ஜோடி கிளவுஸ். கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி அவன் சீட்மேல் வைத்தேன். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிவிட்டது. சீட்டின் மூக்கு கீழே பார்த்தபடி இருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தாங்குவது உள்ளங்கை. அந்த இரண்டு விரலுக்கும் போகிற நரம்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிறது, அதுதான் நசுங்குகிறது.

சீட்டை மட்டமாக்குங்கள். மூக்கை மேலே தூக்கிவிடவும் கூடாது, அப்புறம் கவட்டில் மரத்துப்போகும், அது இதைவிட மோசம். பிரேக் பிடியில் விரல் வைக்கும்போது மணிக்கட்டு முறியாமல் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் செய்து தீராவிட்டால் ஹேண்டில் எட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

மகளுக்கு பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். சீட்டை முழுக்க இறக்கியும் தரையில் நுனிவிரல்தான் படுகிறது.

நுனிவிரல் பட்டால் போதும். பெடல் அடியில் இருக்கும்போது இடுப்பை ஆட்டாமல் மிதிக்கிறாளா என்று பின்னால் நின்று பாருங்கள். ஆட்டினால், ஸ்பிரிங் சீட்டைக் கழற்றி ஸ்பிரிங் இல்லாத தட்டைச் சீட் மாட்டுங்கள், கொஞ்சம் இறங்கும்.

வள்ளியூரில் இருந்து பணகுடிக்குப் போகிறவன். ஆனி ஆடிக் காற்றுக்காக ஹேண்டிலை இறக்கினேன். இப்போது இடுப்பு வலி. வண்டி பழைய கம்பி பிரேக் சைக்கிள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலையைச் சுற்றவைக்கிற காற்று. அதோடு மல்லுக்கட்ட வருஷம் முழுக்கக் குனிய வேண்டுமா? ஹேண்டிலைப் பழையபடி ஏற்றிவிட்டு, காற்றடிக்கும்போது மட்டும் முழங்கையை மடக்கிக் குனியுங்கள். கழுத்துப் போல்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும். ஹேண்டில் ஏறினால் பிரேக் கம்பியும் கூடவே ஏறி, பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கும். நீங்கள் இறக்கியபோது முன் பிரேக் தளர்ந்திருக்குமே, கவனிக்கவில்லையா? சரி, இந்தத் தடவை பிரேக்கைச் சரிபார்த்துவிட்டே ரோட்டில் ஏறுங்கள்.

ஜெல் சீட் கவர் நல்லதா?

கால் மணி நேரத்துக்கு நல்லது.